காதால சமைச்ச அக்கா

என் வீட்டு இட்லிப் பானையில எப்பவும் ஒரு ஒத்த ரூபா காசு கெடக்கும். புதுசா வர்றவங்க மூடியத் தொறந்து பாத்துட்டு, "அய்யய்யோ, காசு விழுந்து கெடக்குது"ன்னு எடுத்துத் தொடச்சி என் கையில குடுப்பாங்க. நான் வாங்கித் திரும்பவும் உள்ளயே போடுவேன். தண்ணி கொதிச்சிக்கிட்டு இருக்கிற வரைக்கும் அந்தக் காசு அடியில கடகடன்னு ஆடும். சத்தம் நின்னு போச்சின்னா தண்ணி வத்திடுச்சின்னு அர்த்தம். பானை தீஞ்சி வாடை வர்றதுக்கு முன்னாடியே அடுப்ப அணைச்சிடலாம்.

"தீஞ்சா வாடை வரப் போவுது, இதுக்குப் போயி ஒரு காசா அத்தை?"ன்னு கேட்டா என் மருமவ. எல்லாருக்கும் வாடை தெரியும்னு நெனச்சிக்கிட்டிருக்கா. அவ வயசுல நானும் அப்பிடித்தான் நெனச்சிருந்தேன்.

கடலூர் முதுநகர்ல நாங்க வாடகைக்கு இருந்தப்ப எதிர் போர்ஷன்ல ஒரு அக்கா இருந்தாங்க. காசு போடுறது அவங்க வேலைதான். அந்த அக்காவுக்கு மூக்கு வேலை செய்யாது. மல்லியப்பூவும் ஒண்ணுதான், மாட்டுச் சாணியும் ஒண்ணுதான். ஆனா தெனமும் இருவத்திரெண்டு பேருக்குச் சமைச்சி கேரியர் அனுப்புனாங்க. செம்மங்குப்பம் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்து, குடும்பத்த ஊர்ல உட்டுட்டு, ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஆம்பளைங்களுக்கு மத்தியானச் சாப்பாடு. அக்கா வீட்டுக்காரர் தன்னோட டிவிஎஸ் வண்டியில முன்னாடியும் பின்னாடியும் கேரியராக் கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு, பதினோரு மணிக்குக் கெளம்பிப் போவாரு.

சமைக்கிறவளுக்கே வாசனை தெரியாதுன்னு ஒரே ஒருத்தன் காதுல விழுந்தாப் போதும், மறுநாள் ஒரு கேரியரும் போவாது. அவங்க பொண்ணு சிதம்பரத்துல ஹாஸ்டல்ல தங்கி நர்சிங் படிச்சிக்கிட்டிருந்தா. அந்தப் படிப்பு ஓடுனதே இந்தக் கேரியரை நம்பித்தான். அதனால விஷயம் அக்காவுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். கட்டுன புருஷனுக்குக் கூடத் தெரியாது.

எனக்கே ஒன்றரை வருஷம் கழிச்சித்தான் தெரிஞ்சிச்சி. அது வரைக்கும் நான் என்னா நெனச்சேன்னா, இந்தம்மா சரியான அதிகப்பிரசங்கி. எங்க போனாலும் ஒரு யோசனை சொல்லாம வராது. எங்க தெருவுல கடல் காத்துக்கு உப்பு ஜாடியிலேயே தண்ணி உட்டுக்கும். நாங்க குடிவந்த மறுநாளே என் அடுப்படிக்குள்ள வந்து, நான் கேக்காமலே, என் உப்பு ஜாடியில ஒரு புடி அரிசியப் போட்டுட்டுப் போனாங்க. "ஈரத்த அரிசி இழுத்துக்கும்டி, உப்பு பொலபொலன்னு இருக்கும்." தீப்பெட்டிய அரிசி டப்பாவுக்குள்ள சொருவி வைக்கணும், மழை நாள்லயும் ஒரே கிழிப்புல பத்தும். பால் பொங்குற பாத்திரத்து மேல மரக்கரண்டியக் குறுக்கால வச்சா சீக்கிரத்துல வழியாது. ஜாம் பாட்டில் மூடி வழுக்குதா, ரப்பர் பேண்டு ஒண்ண மூடியச் சுத்திப் போட்டுத் திருகு. இப்பிடி ஒண்ணா ரெண்டா!

நான் டெய்லர். ஜன்னலோரம் மெஷினப் போட்டு நாள் முழுக்க ஜாக்கெட்டு தைக்கிறவ. ஒரு நாள் அக்கா வந்து நின்னு பாத்துட்டு, குளிச்சித் தேஞ்சி போன சோப்புச் சில்லு ஒண்ணக் கொண்டாந்து குடுத்தாங்க. "சாக்பீஸ்ல கோடு போடுறியே, துணியில அப்பிக்கிட்டுப் போவ மாட்டேங்குது பாரு. இதுல போடு. ஒரு தண்ணியில போயிரும்." எனக்கு வந்துச்சி பாருங்க கோவம். பத்து வருஷமா தைக்கிறேன், எனக்கே பாடமான்னு முணுமுணுத்தேன். அவங்க போனதும் போட்டுப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சி. இன்னிக்கு வரைக்கும் சோப்புச் சில்லுதான். ஆனா அதை அவங்ககிட்ட நான் கடைசி வரைக்கும் ஒத்துக்கல.

மீன்காரம்மா தெருவுக்கு வந்தா அக்கா பண்ற கூத்தைப் பாக்கணும். நாங்க எல்லாம் மீன எடுத்து மூக்குகிட்ட கொண்டுபோயி மோந்து பாத்து, ஒரு சுளிப்பு சுளிச்சிட்டு வெல பேசுவோம். அக்கா மோக்கவே மாட்டாங்க. செவுளத் தூக்கிப் பாப்பாங்க, ரத்தச் செவப்பா இருக்கணும். விரலால வயித்த அமுக்குவாங்க, குழி விழுந்தா அப்பிடியே நிக்கக் கூடாது, மேல வந்துரணும். அப்புறம் தலையப் புடிச்சிப் படுக்க வாக்குல நீட்டுவாங்க. வால் தொங்காம வெறப்பா நின்னாத்தான் கூடைக்குப் பக்கத்துல ஒக்காந்து வெலையே பேசுவாங்க.

"யம்மா, நீ மீன் வாங்க வந்தியா, மாப்ள பாக்க வந்தியா?"ன்னு மீன்காரம்மா கேக்கும். ஆனா தெருவுலயே அக்காவத்தான் அதுக்குப் புடிக்கும். "இந்தம்மா ஒண்ணுதான் என் மீன மோந்து பாத்து மூஞ்சியச் சுளிக்காத பொம்பள"ன்னு எங்க எல்லார் முன்னாடியும் சொல்லும். அக்கா சிரிச்சிக்குவாங்க.

தாளிக்கும் போது அவங்க அடுப்படியில யாரும் பேசக் கூடாது. கடுகு வெடிச்சி ஓயிற சத்தத்தக் காது குடுத்துக் கேப்பாங்க. ஓஞ்சதும் வாய் விட்டு எண்ணுவாங்க. எட்டுக்கு கறிவேப்பில. பதினஞ்சுக்கு பெருங்காயம், அதுவும் மருந்து பாட்டில் மூடியில அளந்து ஒரு மூடி. இருவதுக்கு அடுப்ப அணைக்கணும். எண்ணிக்கிட்டு இருக்கும் போதுதான் அவங்க வீட்டுக்காரர் வெளிய இருந்து வண்டிச் சாவி எங்கன்னு கேப்பாரு. "அஞ்சு, ஆறு, ஆணியில மாட்டிக் கெடக்குது, ஏழு"ன்னு பதில் வரும். நாங்க உழுந்து உழுந்து சிரிப்போம். இவங்களுக்கு என்னமோ சமையல் படிப்பு படிச்ச பவுசுன்னு கேலி பண்ணுவோம். சும்மா சொல்லக் கூடாது, சாப்பாடு பிரமாதமா இருக்கும். ஒரு நாள் மாதிரியே எல்லா நாளும் இருக்கும்.

விஷயம் தெரிஞ்ச கதையச் சொல்றேன். ஒரு கல்யாணப் பொண்ணோட பட்டு ஜாக்கெட்டு. தைச்சி முடிச்சி தேச்சிக்கிட்டிருந்தேன். அக்கா பக்கத்துலயே ஸ்டூலப் போட்டு ஒக்காந்து கதை பேசிக்கிட்டிருந்தாங்க. பின்னாடி கொல்லையில குழாய்ல தண்ணி வந்துருச்சின்னு சத்தம் கேட்டு, இஸ்திரிப் பெட்டிய நிமித்தி வச்சிட்டுப் போறதா நெனச்சிக்கிட்டு ஓடிட்டேன். ரெண்டு கொடம்தான் புடிச்சிருப்பேன். கொல்லைக்கே தீயற வாடை வந்துருச்சி. கொடத்தப் போட்டுட்டு ஓடி வந்து பாத்தா, பெட்டி குப்புறக் கெடக்குது, ஜாக்கெட்டு முதுகுப் பக்கம் கறுத்துப் போயி, மெல்லிசா பொகை வேற. அக்கா அதுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, ஜன்னல் வழியாத் தெருவப் பாத்துக்கிட்டு, பாதியில உட்ட கதையத் தொடர்றதுக்கு நான் வரட்டும்னு நிம்மதியா ஒக்காந்திருக்காங்க.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. "ஏங்க்கா, பக்கத்துலயே ஒக்காந்திருக்கீங்க, இவ்ளோ வாடை வருது, மூக்கென்னா அவிஞ்சா போச்சி?"ன்னு கத்திட்டேன்.

அவங்க திரும்பிப் பாத்தாங்க. ஜாக்கெட்டப் பாத்தாங்க, பொகையப் பாத்தாங்க. மொகம் செத்துப் போச்சி. எழுந்து போயி கதவச் சாத்திட்டு வந்தாங்க.

"ஆமாடி, போச்சி"ன்னாங்க.

மூணு வருஷத்துக்கு முன்னாடி சிதம்பரம் ரோட்டுல வண்டியில பின்னாடி ஒக்காந்து போயிருக்காங்க. ஒரு ஸ்பீடு பிரேக்கர் ஏறி எறங்குனப்ப தூக்கிப் போட்டு, பின்மண்டை அடிபட விழுந்துட்டாங்க. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. எல்லாம் ஆறிப் போச்சி. வீட்டுக்கு வந்து காப்பி போட்டுக் குடிச்சா வெறும் கசப்பும் இனிப்பும் மட்டும் தெரியுது, காப்பியக் காணோம். டாக்டர் ஆறு மாசத்துல தானா வரலாம்னாரு. வரல. உப்பு, புளிப்பு, காரம் நாக்குக்குத் தெரியும். மத்ததெல்லாம் போனது போனதுதான்.

"அண்ணன்கிட்ட சொல்லலாமில்ல?"

"வண்டிய ஓட்டுனது அவரு. ஆறு மாசம் அந்த வண்டியத் தொடவே இல்ல அந்த மனுஷன். எல்லாம் சரியாப் போச்சின்னு நான் சத்தியம் பண்ண பெறவுதான் தொட்டாரு. இப்ப போயி சொன்னா திரும்பவும் மூலையில போட்டுருவாரு. அப்புறம் கேரியர் யாரு கொண்டு போவா?"

அன்னிக்குத்தான் எனக்கு எல்லாம் புரிஞ்சிச்சி. இட்லிப் பானைக் காசு. மீனோட வால். எண்ணி எண்ணித் தாளிக்கிறது. தெனமும் காலையில பாக்கெட்டப் பிரிச்சதும் ஒரு கரண்டிப் பாலத் தனியாக் காய்ச்சிப் பாத்து, திரியலன்னாத்தான் மீதிய ஊத்துறது. முட்டைய தண்ணியில போட்டு, மெதந்தா தூக்கி எறியறது. சிலிண்டர் மாத்துன ஒவ்வொரு தடவையும் சோப்பு நுரையக் கொழச்சி டியூபு பூரா தடவி, குமிழி வருதான்னு கண்ண வச்சிக்கிட்டுப் பாக்குறது. எங்களுக்கெல்லாம் வேலைய லேசாக்குற யோசனையா இருந்ததெல்லாம், அவங்களுக்கு மூக்குக்குப் பதிலா ஒவ்வொண்ணா அவங்களே கண்டுபுடிச்சி வச்சது. நான் கேலி பண்ணதெல்லாம் ஞாபகத்துக்கு வந்து வெக்கமாப் போச்சி.

ஜாக்கெட்டுக்கு முதுகுல ஜன்னல் வச்சி, கறுத்த எடத்த வெட்டி எடுத்துட்டு, கயிறும் குஞ்சமும் போட்டுக் குடுத்துட்டேன். பொண்ணு வீட்டுல புதுசா இருக்குன்னு சந்தோஷமா வாங்கிக்கிட்டுப் போனாங்க. அந்த ஜன்னல் யோசனையும் அக்காவோடதுதான்!

அதுக்கப்புறம் நான்தான் அவங்களுக்கு மூக்கு. பத்தரை மணி ஆச்சின்னா கரண்டியில கொழம்ப எடுத்துக்கிட்டு முத்தத்தத் தாண்டி வருவாங்க. "உப்பு பாரு"ம்பாங்க. அது வெளியில சொல்றதுக்கு. நான் மோந்து பாத்துட்டு நல்லா இருக்குன்னோ, லேசா அடி புடிச்சிருக்குன்னோ சொல்லணும். அடி புடிச்சிருந்தா அடி புடிக்காத பாகத்த வேற பாத்திரத்துக்கு மாத்தி, சரி பண்ணிடுவாங்க. நான் மெஷினுக்கு முன்னாடி ஒக்காந்துக்கிட்டு தெனம் ஒரு கரண்டி வாங்கிச் சாப்புடுறதப் பாத்துட்டு அவங்க வீட்டுக்காரர், "அந்தப் பொண்ணு வீட்டுல சோறே பொங்க மாட்டாங்களா?"ன்னு கேட்டாராம். அக்கா வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சி. ஆனா என்னா பண்றது, வாயத் தொறக்க முடியாது.

சொல்லப் போனா எனக்கு அதுல ஒரு பெருமைதான். இருவத்திரெண்டு ஆம்பளைங்க சாப்புடுற சோறு என் மூக்கத் தாண்டிப் போவுதுன்னு நெனச்சிக்குவேன். ஒரு வருஷத்துக்கு மேல அப்பிடியே ஓடுச்சி.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னாடி விடாத மழை. தீபாவளி சமயம்னா டெய்லர் வீடு எப்பிடி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். வாசல்ல குடையும் செருப்புமா நாலு பேரு நின்னுக்கிட்டே இருப்பாங்க. நானும் மூணு நாளாத் தும்மிக்கிட்டு, கைக்குட்டையும் கையுமா மெஷின மிதிச்சிக்கிட்டிருந்தேன். கரண்டு வேற நிமிஷத்துக்கு ஒரு தரம் போயிப் போயி வந்துச்சி. காலையில மிக்சி ஓடுமோ ஓடாதோன்னு பயந்து அக்கா முந்தின நாள் சாயந்திரமே தேங்காய அரைச்சி ஃபிரிட்ஜில வச்சிட்டாங்க. விடியிற வரைக்கும் கரண்டே வரல. ஃபிரிட்ஜு சும்மா ஒரு பொட்டியா நின்னுருக்கு. விடிஞ்சி பாத்தா தேங்கா பாக்கறதுக்கு வெள்ளையாத்தான் இருந்துச்சாம். மோர்க்கொழம்பு வச்சிட்டாங்க.

வேற கொழம்பா இருந்தா நாக்குல வச்சதுமே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கெட்டுப் போனா புளிக்குமே. மோர்க்கொழம்பு புளிக்கத்தானே செய்யும்? புளிப்புல எது மோரு, எது கெட்ட தேங்கான்னு மூக்கு ஒண்ணுதான் பிரிச்சிச் சொல்லும்.

கரண்டியோட வந்து நின்னாங்க. பதினோரு மணி ஆகப் போவுது. வாசல்ல ரெண்டு பேரு "எப்பக் குடுப்ப, எப்பக் குடுப்ப"ன்னு உசுர எடுக்குறாங்க. கரண்டிய மூக்குகிட்ட கொண்டு போனேன். ஒண்ணுமே தெரியல. மூக்கு ரெண்டும் கெட்டியா அடச்சிருந்துச்சி. அதச் சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டு அம்மாவக் கூப்புட்டு ஏதாவது ஒரு சாக்கு சொல்லி மோக்கச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரத்துல அந்த ரெண்டு பேரும் வாசல விட்டுப் போனாப் போதும்னு இருந்துச்சி.

"நல்லா இருக்குக்கா"ன்னேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. "நல்லா இருக்குல்ல?"ன்னு திரும்பக் கேட்டாங்க. "அதான் சொல்றேனே, போங்கக்கா"ன்னு எரிஞ்சி உழுந்தேன். போயிட்டாங்க.

சாயந்திரம் நாலு மணிக்கு அண்ணன் வண்டி வேகமா வந்து நின்னுச்சி. ஆறு பேருக்கு வாந்தி பேதி. ஒருத்தர ஆஸ்பத்திரியில சேத்து குளுக்கோஸ் ஏத்துறாங்க. அவரு அக்காகிட்ட சொல்றது எனக்கு மெஷின்ல இருந்தே கேட்டுச்சி. கால் அப்பிடியே நின்னு போச்சி. உயிருக்கு ஒண்ணும் ஆபத்து இல்லன்னு மறுநாள்தான் தெரிஞ்சிச்சி. அது வரைக்கும் நான் கும்புடாத சாமி இல்ல.

மறுநாள் காலையில அக்கா சமைக்கல. மொகம் கழுவி, பொடவை மாத்திக்கிட்டு, வண்டியில பின்னாடி ஏறி ஒக்காந்தாங்க. மொத ஆஸ்பத்திரிக்குப் போயி அந்த ஆளப் பாத்திருக்காங்க. அப்புறம் கம்பெனி ரோட்டுக்குப் போயி, ஷிப்டு மாறுற நேரத்துல, தெனமும் கேரியர் வாங்குற எடத்துலயே நின்னு, வந்தவங்க எல்லாரையும் நிறுத்திச் சொல்லியிருக்காங்க. "எனக்கு நாலு வருஷத்துக்கு மேல வாசனை தெரியாது. தெரியாமத்தான் உங்களுக்குச் சமைச்சிப் போட்டேன். நேத்து தேங்கா கெட்டது எனக்குத் தெரியல. தப்பு என்னோடது. இனிமே வேணாம்னு சொல்றவங்க தாராளமாச் சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

வண்டியப் புடிச்சிக்கிட்டு நின்ன அவங்க வீட்டுக்காரருக்கும் அதுதான் மொத தடவை கேக்குறது. திரும்பி வர்றப்ப அக்கா விழுந்த அந்த ஸ்பீடு பிரேக்கர்கிட்ட வண்டிய நிறுத்தி, அவங்கள எறக்கி விட்டு, தானும் எறங்கி, வண்டியத் தள்ளிக்கிட்டே தாண்டுனாராம். அதுக்கப்புறம் எந்த ஸ்பீடு பிரேக்கர் வந்தாலும் அப்பிடித்தான்.

இருவத்திரெண்டு கேரியர் ஒம்போது ஆச்சி. நின்னு போனவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன். அன்னிக்கு சாயந்திரம் அண்ணன் என் வாசல்ல வந்து நின்னாரு. கையக் கும்புட்டாரு.

"இவ்ளோ நாளா நீதான் தெனம் மோந்து பாத்துச் சொல்லுவியாமேம்மா. அவ இப்பத்தான் சொன்னா. நேத்து நேரமாச்சின்னு உன்கிட்ட காட்டாமலே ஊத்திட்டாளாம். ஒரு எட்டு வந்து காட்டியிருந்தா இது நடந்திருக்குமா? நான் வேற உன்னப் பத்தி தப்பாப் பேசியிருக்கேன். மனசுல வச்சிக்காதம்மா."

காட்டாமலே ஊத்திட்டாளாம்! எதுத்த ஜன்னல்ல அக்கா தெரிஞ்சாங்க. என்னைப் பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாதங்கிற மாதிரி லேசாத் தலைய ஆட்டுனாங்க. நானும் சொல்லல. சொல்லத் தைரியம் இல்ல, அதுதான் நெசம்.

அக்கா அதோட ஓஞ்சி போயிடல. கேரியர் கொறைஞ்ச எடத்துல வடாமும் வத்தலும் போட ஆரம்பிச்சாங்க. காஞ்சிருச்சான்னு ஒடிச்சிப் பாத்தாப் போதும், சத்தமே சொல்லிடும். காக்கா வராம இருக்க பழைய சிடிய நூல்ல கட்டி மொட்ட மாடியில தொங்க விட்டாங்க. தெரு பூரா அதையும் காப்பியடிச்சிது. பொண்ணு படிப்ப முடிச்சிட்டா. நடுவுல எங்க வீட்டுக்காரருக்கு சிதம்பரத்துக்கு மாத்தலாகி, நாங்க காலி பண்ணிட்டு வந்துட்டோம். போன்ல பேசிக்குவோம். ஆனா அந்த மோர்க்கொழம்பப் பத்தி நாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுனது கெடையாது. பேச்சு அந்தப் பக்கம் வந்தாலே நான் பால் பொங்குது, ஆளு வந்துருக்குன்னு போன வச்சிடுவேன்.

போன மாசி மாசம் அவங்ககிட்ட இருந்து போன். பொண்ணுக்குப் பொறந்திருக்கு, பொம்பளப் புள்ள, சிதம்பரத்துலதான் ஆஸ்பத்திரின்னாங்க. மேலவீதியில ஒரு சின்ன சட்டை வாங்கிக்கிட்டுப் போனேன். பொண்ணு உள்ள தூங்கிக்கிட்டிருந்தா. அக்கா வெளி வராந்தாவுல பெஞ்சில கொழந்தைய மடியில போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க. தலை பாதி நரைச்சிருந்துச்சி. என் செருப்புச் சத்தம் கேட்டதுமே, நான் வராந்தா மூலை திரும்புறதுக்குள்ள, "வாடி டெய்லரு"ன்னாங்க.

ஊர்க் கதை எல்லாம் பேசுனோம். அந்தப் பச்சப் புள்ள மொகத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தப்ப எனக்கு ஏனோ தாங்கல. சட்டுனு சொல்லிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு அந்த மோர்க்கொழம்பு. எனக்கு மூக்கடைப்பு. ஒரு வாடையும் தெரியல. தெரியாமலேதான் நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"தெரியும்டி"ன்னாங்க.

"எப்பிடி?"

"உன் கொரல்லதான். மூணு நாளா மெஷின் சத்தத்துக்கு நடுவுல நீ உறிஞ்சிக்கிட்டே கெடந்தியே, எனக்குக் கேக்காதா? வாயத் தொறந்ததுமே தெரிஞ்சிச்சி, இவளுக்கு மூக்கு அடச்சிருக்கு, பொய் சொல்றான்னு."

"அப்புறம் ஏங்க்கா ஊத்துனீங்க?"

கொழந்தையத் தட்டிக் குடுத்துக்கிட்டே சொன்னாங்க. "மணி பதினொண்ணு. அவரு வண்டிய வெளிய எடுத்து நிறுத்திட்டாரு. அத்தனையும் சாக்கடையில கொட்டிட்டு இருவத்திரெண்டு பேருக்கு என்னாத்த அனுப்புவேன்? யாராவது ஒருத்தர் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாப் போதும்னு இருந்துச்சி. நீ சொன்ன. நான் எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். அந்த ஆளு கையில ஊசியோட படுத்துக் கெடந்தானே, அது நான் பண்ணதுடி. நீ இல்ல. இத்தினி வருஷமா போன்ல நீ ஓடி ஓடி ஒளியறப்பல்லாம் சொல்லிடணும்னு நெனப்பேன். எனக்கும் வாய் வரல."

நான் அழுதுட்டேன். ஆஸ்பத்திரியில நாலு பேரு பாக்குறாங்கன்னு கூடத் தோணல. முந்தானையால மூஞ்சியத் தொடச்சிக்கிட்டு, விம்மி விம்மி அழுதேன். அவங்க கண்ணும் கலங்கித்தான் இருந்துச்சி. அழுது ஓயற வரைக்கும் உட்டுட்டு, அப்புறம் கொழந்தையத் தூக்கி என் கையில குடுத்தாங்க.

"நாலு நாளா மடியிலதான் வச்சிருக்கேன். வர்றவளுவ எல்லாம் இது உச்சந்தலைய மோந்து மோந்து பாத்துட்டு கண்ண மூடிக்கிறாளுவ. நானும் அவளுவ மொகத்தையே பாக்குறேன், ஒண்ணும் புரியல. என்னா வாசனைடி அது? நீ சொல்லு."

கேரியருக்கு இல்லாம அந்த அக்கா எங்கிட்ட கேட்ட மொத வாசனை அதுதான். குனிஞ்சி அந்தப் புள்ளையோட உச்சந்தலையில மூக்க வச்சேன். ஒண்ணுமே தெரியல. அழுத அழுகையில மூக்கு ரெண்டும் அடச்சிப் போயிருந்துச்சி. பால் வாசனைக்கான்னு சொல்லிடலாம், எந்தக் கொழந்தையா இருந்தாலும் அதுதானே வரும். அவங்க என் மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க.

"அக்கா, மூக்கு அடச்சிருக்கு. ஒண்ணும் தெரியல. செத்த நேரம் இருங்க, சொல்றேன்."

அவங்க சிரிச்சிட்டாங்க. கண்ணுல தண்ணி நிக்கறப்பவே சிரிச்சாங்க. "இருக்கேன்டி, எங்க போவப் போறேன்"ன்னு என் பக்கத்துல நெருங்கி ஒக்காந்துக்கிட்டாங்க. கொழந்த என் மடியிலயே தூங்கிடுச்சி. மூக்கு விடுற வரைக்கும் ரெண்டு பேரும் ஒக்காந்திருந்தோம். அப்புறம் குனிஞ்சி, நிதானமா மோந்து பாத்து, ஒண்ணு விடாம சொன்னேன்.